டிரைவரம்மாவுக்கு வராத கடிதம்

அத்தியாயம் 9

நாற்பத்து மூன்று பயணிகளோடு போய்க்கொண்டிருந்த நகரப் பேருந்தை வழியிலேயே ஓரங்கட்டிவிட்டு, "எல்லாரும் அடுத்த வண்டியில வாங்க, எனக்கு இடது பக்கம் தெரியல" என்று டிரைவரம்மா இறங்கி நின்ற இடத்தில் போன வாரம் விட்டோம்.

பன்னிரண்டு வருஷமாக ஒரு சைக்கிள்காரனைக்கூட உரசாதவள். ஹார்ன் அடிக்காமலே கூட்டத்துக்குள் வண்டியை நுழைத்துக்கொண்டு போகிறவள் என்று பணிமனையில் பெயர் வாங்கியவள். அவளுக்கு நேற்று மாலை நிறுத்தத்தில் நின்றவர்களின் முகம் தெரிந்தது, கால்கள் தெரியவில்லை. இடது கண்ணின் கீழ் ஓரத்திலிருந்து கறுப்பாக ஏதோ ஏறிக்கொண்டிருந்தது.

பணிமனை நர்ஸ் அவளுடைய வலது கண்ணைப் பொத்தி, விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னாள். பிறகு சீட்டு எழுதினாள். காலையில் முதல் ஆளாக விழித்திரை ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். அதுவரை ஓடக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வெளியூரில் புதுக் கட்டடம் ஒன்றில் வேலையாக இருந்தார். தகவல் சொன்னதும் மறுநாள் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். அதனால் காலையில் துணைக்கு வந்தது அண்ணன்தான்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஐம்பது வயதான பிறகும், நாற்பத்து நாலு வயதுத் தங்கையைப் 'பாப்பா' என்று கூப்பிடுகிறவர். அப்பா போன பிறகு அந்த வீட்டில் எதையும் அவரைக் கேட்காமல் யாரும் செய்ததில்லை. அவள் பேருந்து ஓட்டப் போவதற்குக்கூட முதலில் தலையாட்டியவர் அவர்தான்.

அப்படிப்பட்டவர் இன்று காலை காரில் ஏறியதிலிருந்து ஒரே பாட்டாகப் பாடினார். இந்த ஆஸ்பத்திரி வேண்டாம், தெரிந்த டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் போகலாம் என்றார். பணிமனை சீட்டில் எழுதியிருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று அவள் சொன்னபோது கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தனக்காகத்தான் பதறுகிறார் என்று அவள் நினைத்தாள். பாவம் என்றுகூட நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு பெண் காகிதத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். கண்ணில் மின்னல் வெட்டியதா? வெட்டியது. கொசு பறப்பது போல் புள்ளிகள்? பத்து நாளாக. யாரிடமாவது சொன்னீர்களா?

"அண்ணன்கிட்ட சொன்னேன். கண்ணாடி மாத்திப் பாருன்னார்."

அந்தப் பெண் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடும்பத்தில் யாருக்காவது விழித்திரைக் கோளாறு உண்டா என்று கேட்டாள். யாருக்கும் இல்லை என்று டிரைவரம்மா சொன்னாள். அண்ணனுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மைதானத்தில் பந்து பட்டு இடது கண்ணில் ஆபரேஷன் ஆனது, அது வேறு விஷயம் என்றும் சொன்னாள். காகிதத்தில் 'பந்து' என்று எழுதிக்கொண்டார்கள்.

விழித்திரை மருத்துவர் அதிகம் பேசாத பெண்மணி. தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்து, இமை மேல் சின்னக் கம்பியால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். மேலே பாருங்கள், மூக்குப் பக்கம் பாருங்கள், கீழே பாருங்கள் என்று சுற்றிச் சுற்றி வந்தார். வலித்தது. டிரைவரம்மா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

விளக்கைக் கழற்றிய பிறகுதான் மருத்துவர் வாயைத் திறந்தார்.

"சுவர்ல காகிதம் ஒட்டின மாதிரி கண்ணுக்குள்ள விழித்திரை ஒட்டியிருக்கும்மா. உங்களுக்கு மேல் பக்கம் ஒரு இடத்துல கிழிஞ்சிருக்கு. அது வழியா நீர் புகுந்து உரிச்சுக்கிட்டே வருது. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. அதுவும் உரிஞ்சுட்டா, அப்புறம் நான் ஒட்ட வெச்சாலும் பழைய பார்வை வராது. இன்னைக்கே பண்ணணும்."

"வண்டி ஓட்டுவேனா, டாக்டர்?"

"அதை மூணு மாசம் கழிச்சுக் கேளுங்க."

வலது கண்ணிலும் இரண்டு இடத்தில் விழித்திரை நைந்து போயிருப்பதாகச் சொன்னார். அங்கே இப்போதைக்குக் கிழிசல் இல்லை. ஆனால் இடது கண் இருக்கிற நிலையில் வலதை அப்படியே விட்டுவைக்கத் தனக்குத் தைரியம் இல்லை, லேசரால் சுற்றி அரண் போட்டுவிடலாம் என்றார். பிறகு, இந்த மாதிரி நைந்த விழித்திரை பல நேரம் ஒரே குடும்பத்தில் வரும், குழந்தைகள் இருந்தால் கூட்டி வாருங்கள் என்றார்.

அண்ணன் இருமினார்.

லேசர் அறையில் தலை நரைத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். டிரைவரம்மாவின் தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையால் இழுத்துக் கட்டினார். நிமிர்ந்தவர், வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், வாங்க. பையன் எப்படி இருக்கான்? அஞ்சு வருஷம் இருக்குமா, இதே நாற்காலியிலதானே உட்கார்ந்தான். அவ்வளவு சின்னப் பையன் அசையாம லேசர் பண்ணிக்கிட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

அவளுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் மட்டும் வெளியே போனது.

அவளால் திரும்ப முடியவில்லை. தலை கட்டப்பட்டிருந்தது. மருத்துவர் வந்து உட்கார்ந்து, அசையக் கூடாது என்றார். பச்சை வெளிச்சம் பளீர் பளீர் என்று கண்ணுக்குள் அடித்தது. இருநூறு தடவையாவது அடித்திருக்கும். ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகனுக்குப் பதினைந்து வயது. தன் மகளுக்குப் பதினாலு. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே மாதிரி தடித்த கண்ணாடி. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் 'சோடாபுட்டி' என்று கூப்பிடுவார்கள். அதில் ஒரு சோடாபுட்டிக்கு மட்டும் லேசர்.

வெளியே வந்தபோது அண்ணன் தாழ்வாரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் போய் எதிரில் நின்றாள். உட்காரவில்லை.

"பந்து படல. இல்ல?"

படவில்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

மென்று முழுங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அவருக்கும் இதே விழித்திரை விலகல்தான். ஆபரேஷன் செய்தது இதே ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கடிதம் கொடுத்தார்கள். கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், வருஷம் தவறாமல் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்போது அவள் பேருந்து ஓட்டும் வேலைக்குத் தேர்வாகி, மருத்துவப் பரிசோதனைக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுல கோளாறுன்னு ஒரு வார்த்தை எழுதினாலே உன்னை எடுக்க மாட்டாங்க, பாப்பா. எவ்வளவு ஆசையா இருந்தே. நல்லதுக்குத்தான் நெனச்சேன்."

நாற்பத்து நாலு வருஷத்தில் அண்ணனை அவள் 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறாள். அது இப்போது வாயில் வரவில்லை.

"என் வேலைக்காக மறைச்சே. சரி. என் பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. அவளுக்கு என்ன வேலை போயிருக்கும்?"

அவர் மறுபடி கைக்குட்டையை எடுத்தார்.

"உன் பையனுக்கு மட்டும் ஞாபகமா கூட்டிட்டு வந்திருக்கே. எனக்குப் புள்ளி பறக்குதுன்னு சொன்னப்ப கண்ணாடி மாத்துன்னே. உனக்கும் அப்படித்தானே பறந்திருக்கும்? தெரிஞ்சே சொன்னியா?"

"பயமா இருந்துச்சு," என்றார் அவர். "நீ இங்க வந்தா எல்லாம் தெரிஞ்சு போயிடும்னு."

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் உயரவே இல்லை, ஆனாலும் பார்த்தார்கள்.  தொலைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். கல்லூரியில் கட்டட வரைபட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. என்ன வகுப்பாக இருந்தாலும் எழுந்து வா என்றாள்.

மகள் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடி வந்தவளை அப்படியே பிடித்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் டிரைவரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். 

மருத்துவர் அவளை அதே போல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இடது கண் சுத்தம். வலது கண்ணில் இரண்டு ஓட்டைகள். ஒன்றைச் சுற்றி விழித்திரை லேசாகத் தூக்க ஆரம்பித்திருந்தது.

"கறுப்பா ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

மகள் இல்லை என்றாள். இப்படியே விட்டிருந்தால் தெரிய ஆரம்பித்திருக்கும் என்றார் மருத்துவர். எப்போது என்று தன்னால் சொல்ல முடியாது, இன்று மாட்டியதால் லேசரோடு போகிறது என்று சொல்லிவிட்டு, எழுந்து அவளை லேசர் அறைக்குக் கூட்டிப்போனார்.

தன் கண் கிழிந்திருக்கிறது என்று கேட்டபோது வராத அழுகை டிரைவரம்மாவுக்கு அப்போதுதான் வந்தது. அடக்கிக்கொண்டாள். மூடிக்கொண்ட கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே பத்து நிமிஷம் ஆனது. அண்ணன் கொஞ்சம் தள்ளி நின்றார். வீட்டுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, உட்காரு என்றும் சொல்லவில்லை.

லேசர் முடிந்து வெளியே வந்த மகள் நேராக மாமாவிடம் போனாள். மருந்து விட்ட கண்ணுக்கு எல்லாமே மங்கல்தான். கிட்டத்தில் போய் நின்று அவர் முகத்தைத் தேடினாள்.

"மாமா, எனக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கும்போது தினம் என் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக் குடுப்பீங்களே. அப்பல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் சுவரைத் தடவிக்கொண்டு அம்மாவிடம் திரும்பினாள்.

நாலு மணிக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றரைக்கு டிரைவரம்மாவுக்குப் பச்சை உடை மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, முன்னறையில் படுக்க வைத்தார்கள். ஆபரேஷனுக்கு ஒப்புதல் காகிதத்தில் உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மருந்து விட்ட மகளின் கண்ணுக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்ததால் அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள்.

அவர் போட்டார். பேனாவை மூடினார். போயிருக்கலாம், போகவில்லை. அந்த நேரத்தில்தானா அவருக்கு வாய் திறக்க வேண்டும்.

"நான் ஒருத்தன் மட்டும் பண்ணின மாதிரி பாக்கறே, பாப்பா. அந்த லெட்டரை நான் கிழிச்சுப் போடல. நீ வேலைக்குச் சேர்ந்த வாரமே உன் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டேன். நான் சொல்லிக்கறேன், நீங்க அவகிட்ட பேச வேணாம்னு அவர்தான் கேட்டுக்கிட்டார். இத்தனை வருஷமா அந்த வாக்கைத்தான் காப்பாத்தினேன்."

அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். நர்ஸ் தோளைப் பிடித்து அழுத்தினாள். கையில் சுற்றியிருந்த இரத்த அழுத்தப் பட்டை உப்பி இறங்கியது. மயக்க மருந்து டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். நூற்றுத் தொண்ணூற்றைந்து. இந்த அழுத்தத்தில் கண்ணுக்குள் கருவியை விட முடியாது, இரத்தம் கசிந்தால் எல்லாம் பாழ், இறங்கவில்லையென்றால் நாளைக்குத்தான் என்றார்.

நாளைக்குள் நடுப்பகுதி உரிந்துவிடலாம் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

இத்தனை வருஷத்தில் அவளை எத்தனையோ பேர் வம்புக்கு இழுத்திருக்கிறார்கள். குறுக்கே வந்து விழுந்துவிட்டுத் திட்டிய பைக் ஆசாமிகள், பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று பின்னால் இருந்து பேசியவர்கள். வண்டி ஓடுகிறவரை அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் எல்லாம் வெளியாட்கள். இவர் அண்ணன். அவர் புருஷன்.

"இவரை வெளிய அனுப்புங்க," என்றாள் நர்ஸிடம். "இறங்கிடும்."

"பாப்பா, நான்…"

"இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதே."

அவர் போனார். கதவு சாத்திக்கொண்டது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு தன் பேருந்துத் தடத்தில் பணிமனையிலிருந்து ஒவ்வொரு நிறுத்தமாக எண்ணினாள். பதினெட்டாவது நிறுத்தத்தில் பட்டை நூற்று எழுபது காட்டியது. மனசுக்குள் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வருவதற்குள் நூற்று ஐம்பதுக்கு வந்தது. போகலாம் என்றார் மயக்க மருந்து டாக்டர்.

கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். ஆள் விழிப்பாகத்தான் இருந்தாள். முகத்தை மூடிய துணிக்குள், உள்ளே ஏதோ தேய்கிற சத்தம் கேட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கிடந்தாள். கண்ணுக்குள் இருந்த கூழை எடுத்தார்கள், நீரை உறிஞ்சினார்கள், கிழிசலைச் சுற்றி லேசர் வைத்தார்கள். கடைசியில் காற்றுக் குமிழ் ஒன்றை விட்டார்கள். குமிழ் விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் மூன்று நாளைக்குக் குப்புறப் படுத்தோ, தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தோ இருக்க வேண்டும். சாப்பிடவும் கழிப்பறைக்கும் மட்டும் விலக்கு.

"நடு ஒட்டித்தான் இருந்துச்சு," என்றார் மருத்துவர் துணியை விலக்கியபடி. "நேரத்துக்கு வந்தீங்க."

நேரத்துக்கு என்ற வார்த்தையை அவள் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றி என்று மட்டும் சொன்னாள்.

ஆறரை மணிக்கு அறையில் மேஜை மேல் தலையணை வைத்து, அதில் நெற்றியைப் பதித்து உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் கட்டு. வலது கண்ணுக்கு மங்கலாகத் தரை மட்டும் தெரிந்தது. நாலு ஓடு, அவளுடைய பாதங்கள், மேஜைக் கால். மகள் மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்தாள்.

கதவு திறந்தது. பார்வைக்குள் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. ஓரங்களில் கிரீஸ் கறை. வேலை இடத்திலிருந்து அப்படியே வண்டி ஏறியிருக்கிறார்.

"வலிக்குதா?" என்றார் வீட்டுக்காரர்.

இருபது வருஷத்துப் பழக்கம். அந்தக் குரல் கேட்டதும் உள்ளே ஏதோ இளகத்தான் பார்த்தது. அவள் விடவில்லை.

"அண்ணன் உங்ககிட்ட ஒரு லெட்டர் குடுத்தாரா?"

பூட்ஸ் அசையவில்லை. இப்போது எதற்கு அதெல்லாம், முதலில் உடம்பு தேறட்டும், மற்றதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் ஆரம்பித்தார்.

"குடுத்தாரா, இல்லையா?"

வெளியே தாழ்வாரத்தில் தள்ளுவண்டி ஒன்று கடந்து போனது.

"குடுத்தார்."

கத்துவோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மத்தியானத்திலிருந்து அதற்குத்தான் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"ஏன்?"

டாக்டரைப் பார்த்து என்ன மருந்து என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றார் அவர். பூட்ஸ் திரும்பியது. கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. தலையைத் தூக்கக் கூடாது. அவள் கழுத்தை மட்டும் ஒருக்களித்துப் பார்த்தாள்.

நிலைப்படியில் மகளின் செருப்புகள் நின்றிருந்தன. ஒதுங்கி வழிவிடவில்லை.

"மருந்தெல்லாம் நான் கேட்டுட்டேன்ப்பா," என்றாள் மகள். "எனக்கும் சேத்துத்தான் குடுத்திருக்காங்க. நீங்க உட்காருங்க."

"உனக்கா? உனக்கு என்ன?"

மருந்துச் சீட்டு கை மாறுகிற சத்தம் கேட்டது. அதைப் படித்ததும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். நாற்காலி ஒன்று தரையில் கீறிக்கொண்டு கிட்டே வந்தது. பூட்ஸ் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒடுங்கின. முழங்கால்களுக்கு நடுவே அவருடைய கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொங்கின.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல," என்றார்.

"லெட்டரைக் கையில வாங்கின நாள்லேர்ந்து," என்றாள் டிரைவரம்மா, தரையைப் பார்த்தபடி. "ஒண்ணு விடாம சொல்லுங்க. எனக்கு இன்னும் மூணு நாளைக்கு இப்படியே உட்கார்ந்திருக்கற வேலைதான்."